உதைத்தும் எழும்பாத மோட்டார் சைக்கிள்: குறை காலில் இல்லை

தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்கு விடியற்காலைச் சத்தங்கள் இன்னும் காதில் இருக்கும். பெரட்டுக்குக் கிளம்பும் அவசரத்தில் லயத்து வாசலில் ஒருவர் மோட்டார் சைக்கிளை உதைப்பார். முதல் உதைக்கு அது இருமும், இரண்டாவதுக்கு முனகும், மூன்றாவதுக்கு எழுந்துகொள்ளும். எழவில்லை என்றால் பக்கத்து வீட்டுக்காரர் வந்து நிற்பார். "சோக்கை இழுத்தியா?", "பிளக்கைக் கழற்றித் துடைச்சியா?" என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். பொத்தானைத் தட்டினால் எஞ்சின் ஓடும் வசதி அன்று பெரும்பாலான வீடுகளில் இல்லை.

அந்த வண்டிகள் இப்போது திரும்பி வருகின்றன. அப்பா ஓட்டிய ஹோண்டா சி70, தாத்தா கொட்டகையில் விட்டுச் சென்ற பிஎஸ்ஏ என்று பழைய மோட்டார் சைக்கிள்களைத் தூசு தட்டிப் பட்டறைக்குக் கொண்டுபோகும் பிள்ளைகள் பலர். வண்டி பட்டறையை விட்டு வெளியே வரும்போது கூடவே ஒரு கேள்வியும் வருகிறது. பழையபடி காலால் உதைப்பதா, அல்லது எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் பொருத்துவதா?

இது வெறும் ஆசைக்கான கேள்வி அல்ல. உதைக்கும் மனிதருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கலாம்; முட்டியில் வலி இருக்கலாம். பத்து முறை உதைத்தும் எழவில்லை என்ற வெறுப்பில், அப்பாவின் வண்டியைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டுப் பிறகு வருந்துகிறவர்களும் உண்டு. முடிவெடுக்கும் முன் இரண்டு முறைகளும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்துகொள்வது நல்லது.

எஞ்சினுக்கு முதல் சுற்று தேவை

பெட்ரோல் எஞ்சின் தானாகத் தொடங்காது. பிஸ்டன் கீழே இறங்கும்போது காற்றும் பெட்ரோலும் கலந்து சிலிண்டருக்குள் வர வேண்டும். அது மேலே ஏறும்போது அந்தக் கலவை இறுக்கப்பட வேண்டும். அந்த நேரம் பார்த்து ஸ்பார்க் பிளக்கில் பொறி விழ வேண்டும். இந்த மூன்றும் ஒருமுறை சரியாக நடந்துவிட்டால், எரியும் கலவையே பிஸ்டனைத் தள்ளி அடுத்தடுத்த சுற்றுகளைப் பார்த்துக்கொள்ளும். அந்த முதல் சுற்றுகளுக்கு மட்டும் வெளியிலிருந்து பலம் வேண்டும். அந்தப் பலம் காலிலிருந்து வந்தால் கிக் ஸ்டார்ட். பேட்டரியிலிருந்து வந்தால் எலெக்ட்ரிக் ஸ்டார்ட். வேறுபாடு அவ்வளவுதான்.

கிக் பெடலை மிதிக்கும்போது அதன் தண்டில் இருக்கும் பற்சக்கரம் ஒரு ராட்செட் வழியாக மற்றப் பற்சக்கரங்களைச் சுழற்றி, கிராங்க் தண்டைத் திருப்புகிறது. பெடல் மேலே திரும்பி வரும்போது ராட்செட் விட்டுக்கொடுக்கும். பழைய வண்டிகள் பலவற்றில் இந்தச் சுழற்சி கியர்பெட்டி வழியாகவே எஞ்சினுக்குப் போகிறது. அதனால்தான் நியூட்ரலில் வைத்து உதைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

சிறிய எஞ்சின் உதைக்கு எளிதில் இணங்கும். ஹோண்டா சி70-இன் கொள்ளளவு 72 சிசி. 500 சிசி ஒற்றைச் சிலிண்டர் வண்டியில் ஏறக்குறைய அரை லிட்டர் கலவையை ஒரே உதையில் இறுக்க வேண்டும். முந்தையதை ஒரு பள்ளி மாணவரும் எழுப்பிவிடலாம். பின்னதற்கு முழு உடல் எடையும் முறையும் வேண்டும்.

பொத்தான் வந்த கதை

காருக்கு எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் முறையாக வந்தது 1912-இல். அமெரிக்காவின் காடிலாக் காருக்காகச் சார்ல்ஸ் கெட்டரிங் அதை உருவாக்கினார். அதற்கு முன் காரின் முன்னால் நின்று இரும்புக் கைப்பிடியைச் சுழற்ற வேண்டும். கைப்பிடி திருப்பி அடித்துக் கை முறிந்தவர்கள் ஏராளம். ஸ்டார்ட்டர் மோட்டார் சில விநாடிகள் மட்டுமே வேலை செய்தால் போதும், எனவே அந்தக் குறுகிய நேரத்துக்கு ஒரு சிறிய மோட்டாரிடம் அதன் சக்திக்கு மீறி வேலை வாங்கலாம் என்பதே கெட்டரிங் கண்ட வழி.

மோட்டார் சைக்கிளில் அதே முயற்சி 1914-இல் நடந்தது. 'இந்தியன்' என்ற பெயர் கொண்ட அமெரிக்க நிறுவனம் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டருடன் ஒரு வண்டியை வெளியிட்டது. அக்காலத்துப் பேட்டரிகளால் அந்தச் சுமையையும் சாலையின் அதிர்வையும் தாங்க முடியவில்லை. வந்த வேகத்திலேயே அந்த மாடல் கைவிடப்பட்டது. அதன் பிறகு பல்லாண்டுகள் மோட்டார் சைக்கிள் என்றாலே உதைதான்.

மாற்றம் ஜப்பானிலிருந்து வந்தது. ஹோண்டா 1958-இல் வெளியிட்ட சூப்பர் கப் சி100, 49 சிசி எஞ்சினும் கிளட்ச் பிடி தேவைப்படாத கியர் அமைப்பும் கொண்ட எளிய வண்டி. 1960-இல் அதன் எலெக்ட்ரிக் ஸ்டார்ட் வகையான சி102 வந்தது. பெரிய வண்டி வைத்திருந்தவர்கள் உதைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே மிகச் சிறிய வண்டிக்குப் பொத்தான் வந்துவிட்டது. சிறிய எஞ்சினைச் சுழற்றச் சிறிய பேட்டரியே போதும் என்பது அதற்கு ஒரு காரணம்.

ஹார்லி டேவிட்சன் 1965-இல் எலெக்ட்ரா கிளைட் என்ற மாடலில் ஸ்டார்ட்டரைக் கொண்டுவந்தது. பெயரிலேயே அந்தப் பெருமை தெரியும். 1969-இல் ஹோண்டா சிபி750 நான்கு சிலிண்டர்களுடனும் பொத்தானுடனும் வந்தபோது பிரிட்டிஷ் நிறுவனங்கள் பின்தங்கிப் போயின. நார்ட்டன் கமாண்டோவுக்கு 1975-இல்தான் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் கிடைத்தது. அந்த மோட்டாரின் பலம் போதாமல், உதைக்கும் காலுக்கு அது துணைதான் என்று உரிமையாளர்களே கேலி செய்தார்கள். டிரையம்ப் போனவில்லுக்குப் பொத்தான் வந்தது 1980-இல்.

மலேசியாவில் கதை கப் வண்டியைச் சுற்றியே சுழன்றது. பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ 1950-களின் இறுதியில் ஹோண்டா விநியோகத்தைக் கையில் எடுத்தார். அதன் பிறகு 'கப்' வண்டி கிராமம், கம்பம், தோட்டம் எங்கும் நுழைந்தது. கப் என்ற பெயரோடு சீனச் சொல் ஒன்று ஒட்டி 'கப்சாய்' என்பது மூன்று இனங்களின் வாயிலும் பொதுச் சொல்லானது. ரப்பர்க் காட்டிலும் செம்பனைத் தோட்டத்து மண்பாதையிலும் ஓடிய கப்சாய்களில் பெரும்பாலானவை கிக் மட்டுமே கொண்டவை. விலை குறைவு, எடை குறைவு, கெட்டுப்போக ஒரு பாகம் குறைவு என்பவை அதற்குப் போதுமான காரணங்கள்.

பேட்டரி இல்லாமல் ஓடுமா?

"கிக் இருந்தால் பேட்டரியைப் பற்றிக் கவலை இல்லை" என்பது பலரின் நம்பிக்கை. அது பாதி உண்மை.

மேக்னெட்டோ முறையில் பொறி பெறும் வண்டிகளில், எஞ்சின் சுழலும்போதே பொறிக்கான மின்சாரமும் பிறந்துவிடும். பேட்டரி செத்துக் கிடந்தாலும் உதைத்தால் வண்டி எழும். தோட்டத்து வண்டிகள் பல ஆண்டுகள் பேட்டரி மாற்றாமல் ஓடியதன் இரகசியம் இதுதான். ஆனால் பேட்டரியிலிருந்தே பொறிக்கு மின்சாரம் எடுக்கும் பழைய வண்டிகளும் இருக்கின்றன. அவற்றில் பேட்டரி முழுதாக இறங்கிவிட்டால் எத்தனை முறை உதைத்தாலும் பொறி விழாது. தன் வண்டி எந்த வகை என்று பட்டறையில் ஒருமுறை கேட்டுத் தெரிந்துகொண்டால் பிறகு காலுக்கு வேலை மிச்சம்.

பழைய 6 வோல்ட் வண்டிகளில் எலெக்ட்ரிக் ஸ்டார்ட்டர் ஏன் எளிதல்ல என்பதற்கும் ஒரு கணக்கு உண்டு. எஞ்சினைச் சுழற்ற 480 வாட் சக்தி வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட் பேட்டரி என்றால் 40 ஆம்பியர் ஓடினால் போதும். 6 வோல்ட் என்றால் 80 ஆம்பியர் ஓட வேண்டும். மின்னோட்டம் இரட்டிப்பானால், அதே கம்பியில் வெப்பமாக வீணாகும் சக்தி நான்கு மடங்காகும். கம்பி தடிக்க வேண்டும், இணைப்புகள் துருவின்றி இருக்க வேண்டும். எனவே பொத்தான் வைக்க நினைப்பவர் 12 வோல்ட்டுக்கு மாறுவதே வழக்கம்.

இன்னொரு கணக்கும் முக்கியம். ஸ்டார்ட்டர் 60 ஆம்பியர் இழுக்கிறது என்று கொள்வோம். நல்ல நிலையில் உள்ள எஞ்சின் 3 விநாடியில் எழுந்துவிட்டால் செலவாவது 0.05 ஆம்பியர்-மணி மட்டுமே. 5 ஆம்பியர்-மணி பேட்டரிக்கு அது கொசுக்கடி. அதே எஞ்சின் சரியில்லாமல், 5 விநாடியாகப் பத்து முறை பொத்தானை அழுத்தினால் 0.83 ஆம்பியர்-மணி போய்விடும். அதாவது பேட்டரியின் ஆறில் ஒரு பங்கு ஒரே காலையில் காலி. எஞ்சினின் கோளாற்றைப் பொத்தான் சரி செய்வதில்லை. காலில் விழுந்த பாரத்தைப் பேட்டரியின் தலைக்கு மாற்றி வைக்கிறது, அவ்வளவே.

உதை சொல்லும் சேதி

கிக் பெடலுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. எஞ்சினின் உடல்நிலையை அது பாதத்துக்குச் சொல்லிவிடும். அனுபவமுள்ள மெக்கானிக் வண்டியைப் பிரிக்கும் முன் ஒருமுறை மெதுவாக மிதித்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

பெடல் எந்த எதிர்ப்பும் இல்லாமல் பொத்தென்று இறங்கினால், சிலிண்டரில் இறுக்கம் இல்லை என்று பொருள். வால்வு சரியாக மூடவில்லை, பிஸ்டன் ரிங் தேய்ந்துவிட்டது, அல்லது கிக் ராட்செட்டோ கிளட்ச்சோ வழுக்குகிறது என்று சந்தேகிக்கலாம். சி70 போன்ற கப் எஞ்சின்களில் வால்வு இடைவெளி, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது 0.05 மில்லிமீட்டர்தான். அது அறவே இல்லாமல் போனால் வால்வு முழுதாக மூடாது, இறுக்கம் கசியும். இதைச் சரி செய்ய ஒரு ஸ்பேனரும் ஒரு ஃபீலர் கேஜும் போதும்.

எதிர்ப்பு நன்றாக இருந்தும் எழவில்லை என்றால் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். பலமுறை உதைத்த பிறகும் பிளக் காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் காய்ந்து பிசினாகி, கார்புரேட்டரின் நுண்ணிய துளையை அடைத்திருக்கும். பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வருகிறது. பொறி இல்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாய்ந்துவிட்டது. பழைய பாயிண்ட் வகை வண்டிகளில் பாயிண்ட் முனை கருகியிருக்கலாம், இடைவெளி மாறியிருக்கலாம். கப் எஞ்சின்களில் அந்த இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீட்டர். காலையில் எழுந்துவிட்டு, சூடேறிய பிறகு நின்றால் மறுபடி எழ மறுக்கும் வண்டியில் கண்டென்சரையோ காயிலையோ பார்க்க வேண்டும்.

ஒழுங்காக இருக்கும் சிறிய எஞ்சின் ஒன்றிரண்டு உதையில் எழ வேண்டும். பத்து உதை கேட்கும் வண்டிக்கு வைத்தியம் எஞ்சினில்தான் தொடங்க வேண்டும். அப்பாவுக்கு ஒரே உதையில் எழுந்த வண்டி மகனுக்கு எழாமல் போவதற்குக் காரணம் கால் பலம் அல்ல. அப்பா ஞாயிற்றுக்கிழமைதோறும் பாயிண்ட் தேய்த்தார், பிளக் துடைத்தார், கார்புரேட்டர் கழுவினார். அந்த வேலைதான் திங்கட்கிழமை காலையில் ஒரே உதையாகத் தெரிந்தது.

திருப்பி அடிக்கும் பெடல்

பெரிய வண்டியை உதைப்பதில் உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே பொறி விழும்படி எஞ்சின் அமைக்கப்பட்டிருக்கும். வேகமாகச் சுழலும்போது அது நல்லது. மெதுவாக, அரை மனதோடு உதைத்தால், பிஸ்டன் உச்சியைத் தாண்டும் முன்பே கலவை எரிந்து அதைப் பின்னோக்கித் தள்ளிவிடும். அந்த அடி பெடல் வழியாகக் கணுக்காலுக்கும் முட்டிக்கும் வரும். எலும்பு முறியவும் கூடும். சில பழைய பிரிட்டிஷ் வண்டிகளின் கைப்பிடியில் பொறி நேரத்தைத் தாமதப்படுத்தும் சிறு நெம்பு இருப்பது இதனால்தான். உதைக்கும் முன் அதைத் தாமதப் பக்கம் தள்ளி, எஞ்சின் எழுந்த பிறகு திருப்பி வைப்பார்கள்.

பெரிய ஒற்றைச் சிலிண்டர் வண்டியை எழுப்புவதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் பெடலை மெதுவாக மிதித்து, எதிர்ப்பு கூடும் இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். டிகம்ப்ரசர் நெம்பைப் பிடித்து, பிஸ்டனை உச்சிக்குச் சற்று அப்பால் நகர்த்த வேண்டும். நெம்பை விட்டு, பெடலை மேலே வர விட்டு, பிறகுதான் முழு வீச்சில் ஒரே உதை. சென்னையில் 1955 முதல் உருவான என்ஃபீல்டு புல்லட்டை ஓட்டியவர்கள் ஆம்பியர் முள்ளையே வழிகாட்டியாக வைத்தார்கள். சாவியைத் திருப்பி மெதுவாக மிதிக்கையில், பாயிண்ட் திறக்கும் நொடியில் முள் நடுவுக்குத் திரும்பும். பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். யமஹா எஸ்ஆர்500 வண்டியில் இதற்கென்றே எஞ்சினில் சிறு கண்ணாடிச் சாளரம் வைத்தார்கள்.

எந்த வண்டியானாலும் சில விதிகள் பொது. சிலிப்பர் போட்ட காலால் உதைக்கக் கூடாது; கணுக்காலை மூடும் காலணி வேண்டும். முட்டியை விறைப்பாக நீட்டி வைக்காமல் சற்று மடக்கியே மிதிக்க வேண்டும். பாதி தூரம் மிதித்து நிறுத்தக் கூடாது. தொடங்கிய உதையை அடிவரை முடிக்க வேண்டும். பெடல் ஒருமுறைக்கு மேல் திருப்பி அடித்தால், அன்று உதைப்பதை நிறுத்திவிட்டுப் பொறி நேரத்தைச் சரிபார்க்க வேண்டும்.

பொத்தான் பொருத்தலாமா?

முட்டி அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், மூட்டு தேய்ந்தவர், எடையை ஒரு காலில் தாங்க முடியாதவர் ஆகியோருக்குப் பதில் எளிது. பொருத்தலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உதைக்க முடியாமல் கொட்டகையில் துருப்பிடிக்கும் வண்டியைவிட, பொத்தானால் எழுந்து கோயில் வரை போய் வரும் வண்டி மேல்.

ஆனால் என்னென்ன மாறும் என்று தெரிந்து செய்ய வேண்டும். ஸ்டார்ட்டர் மோட்டார், அதன் சுழற்சியை எஞ்சினுக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு விலகிக்கொள்ளும் ஒருவழிக் கிளட்ச், பெரிய மின்னோட்டத்தைத் தாங்கும் ரிலே, தடித்த கம்பி, 12 வோல்ட் பேட்டரி, அந்தப் பேட்டரியை நிரப்பப் போதுமான சார்ஜிங் என்று இவை அனைத்தும் ஒன்றாக வர வேண்டும். ஒன்று குறைந்தாலும் மற்றவை பயனில்லை. எஞ்சினை வெட்டாமல், துளையிடாமல், பின்னாளில் பழையபடி மாற்றக்கூடிய விதத்தில் பொருத்துவதே நல்லது. கழற்றிய பாகங்களை எறியாமல் ஒரு டின்னில் எண்ணெய் தடவி வைக்க வேண்டும்.

சிலர் சுலப வழியாக எஞ்சினையே மாற்றிவிடுகிறார்கள். அங்கே கவனம் தேவை. வண்டியின் கிராண்டில் எஞ்சின் எண்ணும் பதிவாகியிருக்கும். எஞ்சினை மாற்றினால் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜே-இன் அனுமதி வேண்டும். எண் பொருந்தாத வண்டி விற்கும்போதும் காப்புறுதி கோரும்போதும் சிக்கலைத் தரும். அத்தோடு அப்பாவின் கை பட்ட எஞ்சினும் போய்விடும்.

முடிந்தால் ஸ்டார்ட்டர் பொருத்திய பிறகும் கிக் பெடலைக் கழற்றாமல் வைத்திருப்பது அறிவுடைமை. நம் நாட்டு வெப்பத்தில், ஓட்டாமல் நிற்கும் வண்டியின் பேட்டரி விரைவாகவே இறங்கும். இறங்கிய நிலையிலேயே விட்டால் உள்ளே இருக்கும் தகடுகள் கெட்டு, பிறகு சார்ஜ் ஏறாது. முழு சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். 12-ஐ நெருங்கிவிட்டால் அது ஏறக்குறையக் காலி. பொத்தானை 5 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடிக்காமல், இடையிடையே ஓய்வு கொடுத்தால் மோட்டாரும் பேட்டரியும் நீடிக்கும்.

புதிய வண்டிகளில் உதைக்கும் பழக்கம் மறைந்துகொண்டே வருகிறது. உதைக்கே பேர்போன என்ஃபீல்டு கூட 2021-இல் வந்த புதிய கிளாசிக் 350-இல் கிக் பெடலை வைக்கவில்லை. கிக் மட்டுமே கொண்டு தாக்குப்பிடித்த யமஹா எஸ்ஆர்400-இன் உற்பத்தியும் அதே ஆண்டு ஜப்பானில் நின்றது. இனி உதைத்து எழுப்பும் வண்டி என்பது பெரும்பாலும் பழைய வண்டிதான்.

ஆகவே கொட்டகையில் கிடக்கும் வண்டியைப் பற்றி முடிவெடுக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை அதற்கு ஒதுக்கலாம். பழைய பெட்ரோலை வடித்துவிட்டுப் புதியது ஊற்ற வேண்டும். கார்புரேட்டரைக் கழுவ வேண்டும். புதிய பிளக் போட்டு, பாயிண்ட்டையும் வால்வு இடைவெளியையும் சரி பார்க்க வேண்டும். பிறகு காலணி அணிந்து, நியூட்ரலில் வைத்து, ஒருமுறை மெதுவாக, ஒருமுறை முழுதாக மிதித்துப் பார்க்கலாம். எழுந்துவிட்டால் பொத்தானுக்கான செலவு மிச்சம். எழுந்தும் முட்டி வலித்தால், அப்போது தாராளமாகப் பொத்தான் வைத்துக்கொள்ளலாம். நலமான எஞ்சினுக்கு வைக்கும் பொத்தான்தான் பல்லாண்டு உழைக்கும்.